சீட்டில் குறி வைத்தால் தடை, நேரத்தைத் திருடினால் வார்னிங்கா?

தோற்ற ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நியாயமாகத் தோற்றிருந்தால் கை குலுக்கிவிட்டு வந்திருப்பேன்.

மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டுப் போட்டி, ரவுண்டுக்கு 50 நிமிடம். முதல் ஆட்டம் எதிராளிக்கு. அதுவரை மின்னல் வேகத்தில் ஆடியவன், இரண்டாவது ஆட்டத்தில் என் கை ஓங்கியதும் அப்படியே ஆமையாகிவிட்டான். கையில் இரண்டே சீட்டு, இரண்டும் லேண்ட், யோசிக்க ஒன்றுமில்லாத வெறும் ஆதாரச் சீட்டு (முந்தின டர்னில்தான் அவன் கையைத் திறந்து காட்ட வைத்திருந்தேன்), அதையே இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைக்கிறான், என் கிரேவ்யார்டை, அதாவது ஆடி முடித்த சீட்டுக் குவியலை, எடுத்து ஒவ்வொன்றாகப் படிக்கிறான், வைக்கிறான், மறுபடி எடுக்கிறான், நடுநடுவே கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறான். நேரம் முடிந்து, கூடுதலாகத் தரும் ஐந்து டர்னிலும் ஆட்டம் முடியாவிட்டால் 1-0 என்று மேட்ச் அவனுக்கு. அவன் ஜெயிக்கவே வேண்டாம், முடியவிடாமல் இழுத்தால் போதும்!

ஜட்ஜைக் கூப்பிட்டேன். வந்தார், வார்னிங் கொடுத்தார், இரண்டு டர்ன் சேர்த்தார், போய்விட்டார். சுற்றி இருந்தவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள், "விளையாட்டுதானே, விடுப்பா" என்று வேறு.

எதை விடுவது? மெதுவாக ஆடினால் ஸ்லோ ப்ளே, அதற்கு வார்னிங். கடிகாரத்தைப் பார்த்து வேண்டுமென்றே இழுத்தால் ஸ்டாலிங், அதற்கு நேரே வெளியேற்றம். ரூலில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எது எது என்று தெரிய ஐந்து நிமிடமாவது பக்கத்தில் நிற்க வேண்டாமா?

2019இல் லண்டனில் நடந்த மேஜிக் போட்டியில், பிரபல ஆட்டக்காரர் யூயா வதனபேயின் முக்கியச் சீட்டுகளான ட்ரான் லேண்டுகள் இருந்த ஸ்லீவ்களில் (சீட்டைப் போட்டு வைக்கும் உறைகளில்) குறி தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் மறுத்தும் 30 மாதத் தடை, ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலிலிருந்தும் நீக்கம். அங்கே எடுத்துக் காட்ட ஸ்லீவ் இருந்தது. இழுத்தடிப்புக்கு அப்படி எதுவும் மிஞ்சாது, சரி. அதற்காகப் பிடிக்கவே முடியாதா? 2010இல் ஃப்ளோரன்ஸ் கிராண்ட் ப்ரீ மேஜிக் போட்டியில் டொமோஹாரு சைடோவை இதே ஸ்டாலிங்குக்காகத்தான் வெளியேற்றினார்கள், 18 மாதத் தடை, அந்த வருடம் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானதும் ரத்து. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரையே பிடிக்க முடிந்தது!

அடுத்த ரவுண்டில் அவன் எனக்குப் பக்கத்து மேஜை. முதல் ஆட்டம் ஜெயித்தான். அப்புறம் எதிரில் இருந்த சின்னப் பையனின் கிரேவ்யார்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான், அந்தப் பையனுக்கு ஜட்ஜைக் கூப்பிடலாம் என்றுகூடத் தெரியவில்லை.