டூயல் பேண்ட் ஃபில்டர் எல்லா நெபுலாவுக்கும் உதவாது

“டூயல் பேண்ட் ஃபில்டர் ஒன்று இருந்தால் பெங்களூரு மொட்டைமாடியிலிருந்தே எந்த நெபுலாவையும் படம் எடுத்துவிடலாம்” என்று ஒருவர் எழுதியிருப்பது பாதிதான் சரி. (நெபுலா என்பது விண்வெளியில் உள்ள வாயு, தூசு மேகம்.) அதை நம்பிப் பணம் செலவழிக்க இருப்பவர்களுக்காகவே இந்தத் திருத்தம்.

கேமராவோடு பொருத்தும் அந்த ஒளி வடிகட்டி, ஹைட்ரஜன் வெளியிடும் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் 656.3 நானோமீட்டரையும் ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டரையும் ஒட்டிய இரு குறுகிய பட்டைகளை மட்டுமே உள்ளே விடுவதால், அதே அலைநீளங்களில் தாமே ஒளிரும் ஓரியன், ரோசெட் போன்ற உமிழ்வு நெபுலாக்கள் பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டு பகுதித் தெருவிளக்குகளுக்கு நடுவிலும் நன்றாகவே பதிவாகும். ஆனால் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சூழ்ந்த நீல மங்கலும் எம் 78 நெபுலாவும் அப்படிப்பட்டவை அல்ல. விண்மீன் ஒளியைத் தூசு சிதறடிப்பதால் மட்டுமே அவை தெரிகின்றன. அந்த ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பதால், நகர வெளிச்சத்தோடு சேர்த்து அதையும் ஃபில்டர் வெட்டிவிடும். (குதிரைத்தலை நெபுலா இருண்டதுதான் என்றாலும், அதன் பின்னணி ஹைட்ரஜனின் சிவப்பு என்பதால் தப்பிவிடுகிறது.)

வானப் படங்களுக்காக மாற்றியமைக்காத டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியே ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

கார்த்திகையை எடுக்க விரும்புபவர்கள் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, நிலவில்லாத இரவில் நகருக்கு வெளியே செல்வதே நல்லது.