தும்மலுக்குச் சிரித்தவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்தப் பட்டிமன்றத் துண்டு வீடியோவை எனக்குப் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். பேச்சாளர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "வயசாயிடுச்சுங்க, என் வீட்டம்மா தும்மினா நான் மாப்பைத் தேடுவேன்." அரங்கம் அதிர்கிறது. முன்வரிசை அக்காக்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் காலை இறுக்கி வைத்துக்கொண்டு சிரித்தார்கள் என்பதைக் கேமரா காட்டவில்லை.

ஐயா, தும்மினால் சிறுநீர் கசிகிறதே, அது வயசு இல்லை. தசை.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டின மாதிரி ஒரு தசை இருக்கிறது. இடுப்புத் தளத் தசை என்பார்கள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை அதை விரித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. ஆயுதம் போட்டு எடுத்திருந்தால் சேதம் கூடும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜென் குறைந்தால் இன்னும் தளரும். ஓயாத இருமல், முக்கிமுக்கிப் போகிற மலச்சிக்கல், வருஷக்கணக்கில் தூக்கிய தண்ணீர்க் குடம், எல்லாம் சேரும். தும்மும்போது வயிற்றிலிருந்து அழுத்தம் கீழே இறங்குகிறது, தளர்ந்த தூளியால் பிடிக்க முடிவதில்லை. ரெண்டு சொட்டு. அவ்வளவுதான் உங்கள் பெரிய ஜோக்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு. வயசாம் வயசு. இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டு மாதம். மூத்தவள் ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் திணித்து "அம்மா நீ குதி" என்றாள். நாலாவது குதியில் நைட்டி நனைந்துவிட்டது. குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டாக்டரம்மாவிடம் சொன்னபோது மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பெத்தாச்சுல்ல, இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றார். மேடையில் அந்தப் பேச்சாளர் சொன்னதும் இதையேதான், கைதட்டல்தான் கூடுதல்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்தார். "வாயுவை அடக்குற மாதிரி இறுக்கி, உள்ளுக்குள்ள மேல தூக்குங்க." நான் மூன்று வாரம் தலைகீழாக, கீழே முக்கிக்கொண்டிருந்தேன்! தொடையை இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டு தடவை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்த சங்கதி. பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பில், இருமினால் தும்மினால் கசிகிற பெண்களில் இந்தப் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர். தசை என்பதால்தான் இது நடக்கிறது. வயசுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா?

இனி கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"ஜோக்கை ஜோக்கா பாருங்க." பார்த்தேன்.

"எங்க பாட்டி ஒன்பது பெத்து நடவு நட்டவங்க, அவங்களுக்கு எதுவும் வரலையே." வரவில்லையா, உங்களிடம் சொல்லவில்லையா? பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து "தம்பி, எனக்கு அடி இறங்கிடுச்சுப்பா, கர்ப்பப்பை கீழ வந்துடுச்சு" என்று எந்தப் பாட்டி சொல்வாள்? ஒன்பதும் பெற்றவள் அவள், ஒன்றும் இல்லை என்று சான்றிதழ் கொடுப்பவர் நீங்கள்.

"ஆம்பளைங்களுக்கும் வருமே." வரும். புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு வரும். அதை வைத்து மேடையில் ஒன்று சொல்லச் சொல்லுங்களேன்.

"ரிலாக்ஸ் சிஸ்டர்." அதற்கும் பயிற்சி இருக்கிறது தம்பி. சிலருக்கு இந்தத் தசை எந்நேரமும் இறுகியே கிடக்கும். உறவில் வலி, மலம் கழிக்க அவஸ்தை. அவர்கள் மேலும் இறுக்கினால் மோசமாகும், தளர்த்தத்தான் பழக வேண்டும். யூடியூபைப் பார்த்து ஆரம்பிக்காமல் ஒருமுறை நேரில் காட்டுங்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் உட்கார ஒரு ஸ்டூல் போடவே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த ஊர் இது. பாத்ரூம் போனால் கடிகாரம் பார்க்கிற சூப்பர்வைசரை வைத்து எந்தப் பட்டிமன்றமாவது ஜோக் அடித்திருக்கிறதா? சரி விடுங்கள், எங்கேயோ போகிறேன்.

அம்மாவுக்குத் தும்மல் வந்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொள்வார். அது அம்மாவின் ஸ்டைல் என்று நினைத்து, நானும் தம்பியும் நடித்துக்காட்டிச் சிரிப்போம். ஆமாம், நானும்தான் சிரித்திருக்கிறேன். பஸ்ஸில் ஊருக்குப் போகிற நாளில் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். போன வருஷம் பீரோவின் அடித்தட்டில் பழைய பருத்திப் புடவைத் துண்டுகள் நாலாக மடித்து அடுக்கியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். கர்ப்பப்பை இறங்கி ஆறு வருஷம் ஆகிறதாம். பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

முதலில் பார்த்த இடத்தில் "இந்த வயசுக்கு மேல எதுக்கு, எடுத்துடலாம்" என்றார்கள். மறுபடி வயசு! கர்ப்பப்பையை எடுத்தால் தளர்ந்த தசை தானாக இறுகிவிடுமா என்று கேட்டேன், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறொரு டாக்டர் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கிற சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தினார். அடுத்த மாதம் அம்மா மலைக்கோட்டைப் படி ஏறினார், உச்சிப்பிள்ளையார் வரைக்கும், எனக்கு முன்னால்.

அந்த வீடியோவை அனுப்பிய பதினோரு பேரில் அம்மாவும் உண்டு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டிருந்தார். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.