லண்டன் - நியூயார்க் ப்ளைட் போக, வர ஆகுற நேர வித்தியாசத்துக்கு பூமி சுத்துறது காரணம் இல்லைங்க

மேல ஒருத்தர், லண்டன்ல இருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம்தான், ஏன்னா பூமி சுத்துதுன்னு போட்டிருக்காரு. நேரக் கணக்கு கிட்டத்தட்ட சரிங்க, ஆனா சொன்ன காரணம் சரியில்ல. ரெண்டு பக்கமும் தூரம் அதே சுமார் 5,550 கிலோமீட்டர்தான். காத்து மண்டலமும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது, அதனால ப்ளைட் மேல இருக்கும்போது கீழ பூமி தனியா நகர்ந்துடாது. யோசிச்சுப் பாருங்க, அப்படி நகர்ந்தா நியூயார்க் ப்ளைட்டை நோக்கித்தானே வரும், போறதுதான சீக்கிரம் முடியணும்? நடக்கிறது நேர்மாறா இருக்கே.

உண்மையான காரணம் ஜெட் ஸ்ட்ரீம், அதாவது 10 கிலோமீட்டர் உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா வீசுற பலத்த காத்து, வரும்போது பின்னாடி இருந்து தள்ளும், போகும்போது எதிர்த்து நிக்கும். 2020 பிப்ரவரியில புயல் சமயத்துல ஒரு ப்ளைட் நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துலயே வந்துருச்சு, அன்னிக்கு மட்டும் பூமி வேகமா சுத்தலையே!

நீங்களே பாக்கலாம், ப்ளைட் டிராக்கிங் ஆப்ல அட்லாண்டிக் மேல போற ஒண்ணையும் வர்ற ஒண்ணையும் தொட்டு கிரவுண்ட் ஸ்பீடு (தரையை வச்சுப் பாத்தா ப்ளைட் நகர்ற வேகம்) பாருங்க, கிழக்க வர்றது பெரும்பாலும் மணிக்கு 1,000 கிலோமீட்டரை ஒட்டியோ தாண்டியோ காட்டும், மேற்க போறது அதைவிட நல்லா கம்மியா இருக்கும். ஒரு வாரம் பாத்தீங்கன்னா காத்துக்கேத்த மாதிரி தினமும் மாறுறதும் தெரியும்.