பெட் ஸ்கேனில் ஏஐக்கு முன்னால் கடிகாரத்தைச் சரிபார்ப்போம்

சேலத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கிற தம்பி தங்கைகள் மருத்துவப் படங்களைத் தொட்டால் தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஏஐ வைத்துப் புற்றுநோய் கண்டுபிடிப்பது. பெட்-சிடியில் (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடலில் எங்கே சேர்கிறது என்பதைச் சிடி எக்ஸ்ரே படத்தோடு சேர்த்துக் காட்டும் ஸ்கேன்) அதைவிட அவசரமான வேலை ஒன்று கிடக்கிறது. படத்தோடு வரும் எண் நம்பத் தகுந்ததா என்று பார்க்கும் வேலை.

ரிப்போர்ட்டில் "எஸ்யூவி மேக்ஸ்" என்று இருக்குமே, அந்த எண். கட்டியில் சேர்ந்த மருந்தின் செறிவை உடல் எடையால் பெருக்கி, ஊசியில் போன டோஸால் வகுத்தால் வருவது. ஸ்கேனர் எத்தனை கோடியாக இருந்தாலும் எடை, டோஸ், நேரம் மூன்றில் ஒன்று பிசகினால் இதுவும் பிசகும்.

இந்த ஸ்கேனுக்கு வழக்கமாகப் போடும் ஊசி மருந்து எஃப்டிஜி, சர்க்கரை போன்ற ஒரு பொருள். அதில் இருக்கும் கதிரியக்க ஃப்ளோரின்-18, 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், இதுதான் அதன் அரை ஆயுள். மருந்து வண்டி தொப்பூர் கணவாயில் ஒரு மணி நேரம் சிக்கினால் மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு. அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம், ஸ்கேன் நேரத்தைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம். டோஸ் அளக்கும் அறைக் கடிகாரமும் ஸ்கேனர் கடிகாரமும் 10 நிமிடம் வேறுபட்டால் எஸ்யூவி 6 சதவீதம் தப்பும். படத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. 10 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளந்து, ஊசி போட்டபின் சிரிஞ்சில் தங்கிய 1 மில்லிக்யூரியைக் கழிக்காவிட்டால் எண் 10 சதவீதம் குறைவாக வரும். கீமோவில் 62 கிலோ 55 ஆன நோயாளிக்குப் பழைய எடையையே போட்டால் 13 சதவீதம் கூடிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சை வேலை செய்கிறது என்று சொல்ல 30 சதவீதக் குறைவைப் பார்க்கும் அளவுகோல் இருக்கும்போது, இவை சில்லறைப் பிழைகள் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் முதல் ஸ்கேனைக் கோவையிலும் அடுத்ததைப் பெங்களூரிலும் எடுக்கிறார்கள். ஒரு இடத்தில் ஊசி போட்டு 60 நிமிடத்தில், இன்னொரு இடத்தில் 90 நிமிடத்தில். கட்டியில் மருந்து சேர்ந்துகொண்டே போவதால், நோய் மாறாமலே எண் ஏறலாம்.

இதைப் பிடிக்கச் சின்ன பைத்தான் நிரல் போதும். டைகாம் ஃபைலில் (ஸ்கேன் படமும் அதன் விவரங்களும் சேர்ந்திருக்கும் கணினி ஃபைல்) ஊசி நேரம், டோஸ், எடை, அரை ஆயுள் எல்லாம் இருக்கும். ஸ்கேன் தொடங்கிய நேரத்துக்கு அந்த ஃபைலில் உள்ள சீரிஸ் டைமை மட்டும் நம்பாதீர்கள், படத்தை மறுபடி பிராசஸ் செய்தால் அது மாறக்கூடும். அக்விசிஷன் டைம்களில் (ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்த நேரம்) மிக முந்தியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நோயாளி பெயரை அழிக்கும் மென்பொருள் சில நேரம் எடையையும் ஊசி நேரத்தையும் சேர்த்து அழித்துவிடும். பிறகு எஸ்யூவி கணக்கே போட முடியாது. ஏஐ வேண்டுமென்றால் இங்கே வையுங்கள்: சிடியில் கல்லீரலைத் தானாகப் பிரித்து, அதன் சராசரி எஸ்யூவியைப் பாருங்கள். பொதுவாக 2-ஐ ஒட்டி இருக்கும். ரொம்பத் தள்ளிப் போனால் எடையோ டோஸோ தப்பு, அல்லது மருந்து நரம்புக்கு வெளியே கையிலேயே தேங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கட்டியைக் கண்டுபிடிக்கும் ஏஐ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசநோய் அபூர்வமான நாடுகளின் படங்களில் பழகிய மாடல், இங்கே காசநோய் நெறிக்கட்டியையும் புற்றுநோய் என்று குறிக்கக்கூடும். இரண்டுமே எஃப்டிஜியை இழுக்கும். மார்கழியில் ஏற்காட்டிலிருந்து விடியற்காலைக் குளிரில் கிளம்பி வருகிறவருக்குக் கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் பழுப்புக் கொழுப்பு ஒளிரலாம். அதே இடத்தில் சிடியில் கொழுப்பு தெரிகிறதா என்று பார்க்கத் தெரியாத மாடல் அதையும் நோய் என்று சொல்லிவிடும். ஸ்வெட்டரும் கம்பளியும் இதற்கு நல்ல மருந்து.

வீட்டில் யாருக்காவது ஸ்கேன் என்றால் ஃபிலிமோடு திரும்பாதீர்கள், டைகாம் ஃபைல்கள் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே எடை பார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட நேரம், ஸ்கேன் தொடங்கிய நேரம், டோஸ், சர்க்கரை அளவு நான்கையும் ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஸ்கேன் எந்த ஊரில் எடுத்தாலும், முதல் ஸ்கேனில் விட்ட அதே இடைவெளியைக் கூடியவரை விடும்படி அங்கே இந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.