400 டாலர் பை

(இடம்: உட்பரி காமன் அவுட்லெட், அதாவது பெரிய கம்பெனிகள் தள்ளுபடியில் விற்கும் கடைகளின் வளாகம், நியூயார்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அக்டோபர் மாதம். ஒரு கைப்பைக் கடை. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், அடுத்த வருஷமும் போகவேண்டியிருக்கிறது. வாசல் பெஞ்சில் இருவர். மாமனார், திருச்சி பெரிய கடைவீதி ஜவுளிக்கடை ஒன்றில் 35 வருஷம் பட்டுப்புடவை விற்று ஓய்வு பெற்றவர். மருமகன், நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர். குளிர்காற்று அடிக்கிறது. மருமகனுக்கு மட்டும் வியர்க்கிறது.)

மாமனார்: மாப்ளே, அந்தச் செவப்பு போர்டுல என்ன போட்டிருக்கான்?

மருமகன்: 70 சதவீதம் தள்ளுபடி மாமா. அதுக்கு மேல இன்னொரு 20. ஆக மொத்தம் 90.

மாமனார்: 90 எங்கேர்ந்து வந்துச்சு? நூறுல எழுபது போனா முப்பது. அந்த முப்பதுல இருபது சதவீதம்னா ஆறு. ஆக 76. முப்பத்தஞ்சு ஆடி பார்த்தவன்கிட்டயே கணக்கு சொல்றீங்களே.

மருமகன்: சரி மாமா, வாங்க, ஒரு காபி குடிச்சிட்டு வருவோம். அத்தையையும் கூப்பிட்டுக்கலாம்.

மாமனார்: இப்பதானே உள்ள போனா. பொறுமையா பார்க்கட்டும். ஆமா, வருஷம் பூரா இப்படி ஆடி மாசமாவே இருந்தா அந்தப் பையை எவன் மதிப்பான்?

மருமகன்: கோச்னு ஒரு பை கம்பெனி அதைத்தான் பட்டுத் தெரிஞ்சுக்கிச்சு மாமா. 1941-ல மன்ஹாட்டன்ல குடும்பப் பட்டறையா ஆரம்பிச்சது. பேஸ்பால் கையுறை பழகப் பழகத் தோல் மெத்துனு ஆகுதேன்னு கவனிச்சு, அந்தப் பக்குவத்துல பை தைச்சாங்க. நல்ல பேரு. 1985-ல சாரா லீ வாங்கிட்டாங்க.

மாமனார்: யாரு, தோல் வியாபாரியா?

மருமகன்: கேக் விக்கிறவங்க.

மாமனார்: அல்வாக் கடைக்காரர் பட்டுக்கடையை எடுத்து நடத்தின கதை. அப்புறம்?

மருமகன்: 2000-ல ஷேர் மார்க்கெட்டுக்கு வந்து, அவங்ககிட்டேர்ந்து பிரிஞ்சு, பிரமாதமா வளர்ந்துச்சு. பின்னாடி ஊரெல்லாம் அவுட்லெட். டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல கூப்பன். மெயிலைத் திறந்தா தள்ளுபடி. முழு விலை குடுத்து வாங்கின அம்மா, பக்கத்து சீட்டுல இருக்கறவங்க அதே மாதிரிப் பையைப் பாதிக்கும் கம்மியா வாங்கினதைப் பார்த்துட்டாங்க.

மாமனார்: முடிஞ்சுது. எங்க கடையில ஒரு தடவை 9,000 ரூபா பட்டை ஆடியில 6,000-க்கு விட்டோம். கூட்டமான கூட்டம். ஆவணியில முகூர்த்தத்துக்கு வந்த கல்யாணக் கோஷ்டி, 9,000-னு சொன்னதும் சிரிச்சுது. ஆறுக்கு வித்தீங்களாமே, நாலுக்குக் குடுங்கன்னு கேட்டாங்க. அதோட அந்தப் புடவை, சீர்ப் புடவையில இருந்து எடுத்துக்குடுக்கிற புடவை ஆயிடுச்சு.

மருமகன்: அதேதான். அதனால 2014-ல அமெரிக்கா, கனடாவுல எழுபது கடையை மூடுறோம், மெயில் தள்ளுபடியைக் குறைக்கிறோம்னு அறிவிச்சாங்க. 2016-ல டிபார்ட்மென்ட் ஸ்டோர் 250-லேர்ந்து சரக்கையே எடுத்துட்டாங்க.

மாமனார்: வித்தது போதும்னா! அதுக்குத் தனி தில்லு வேணும். எங்க முதலாளிகிட்ட இதைச் சொல்லியிருந்தா எனக்குக் கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பார். ஆனா மாப்ளே, இவ்வளவு அவுட்லெட்டுக்கு விற்காத சரக்கு எங்கேர்ந்து வருது?

மருமகன்: வராது மாமா. இங்க இருக்கறதுல முக்கால்வாசி அவுட்லெட்டுக்குன்னே தைக்கிறது.

மாமனார்: (தொடையில் தட்டி) ஆடிச் சரக்கு! இங்கயும் உண்டா? அப்ப சீட்டுல அடிச்சிருக்கிற விலைக்கு அந்தப் பை எந்தக் கடையில வித்துது?

மருமகன்: (தொண்டையைக் கனைத்து) இதே கேள்வியை மைக்கேல் கோர்ஸ்னு இன்னொரு பை கம்பெனி மேல வழக்காவே போட்டாங்க. 2015-ல 48 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு சமாதானம் ஆச்சு. அதுக்கப்புறம் சீட்டுல இருந்த 'சிபாரிசு விலை'யை எடுத்துட்டு 'மதிப்பு'ன்னு போடறதா ஒத்துக்கிட்டாங்க.

மாமனார்: மதிப்பு! அடேங்கப்பா, வக்கீல் நல்ல வக்கீல். சரி, தள்ளுபடியே குடுக்காதவன் யாராவது இருக்கானா?

மருமகன்: லூயி வுய்ட்டான். 1854-லேர்ந்து இருக்கிற கம்பெனி, சேல் போர்டே வைக்க மாட்டாங்க. எர்மேஸ்னு இன்னொரு கம்பெனியில பிர்கின் பைக்குக் காசோட போனாலும் உடனே எடுத்து நீட்ட மாட்டாங்க, காத்திருக்கணும். ஜேன் பிர்கின் நடிகைக்குன்னு தைச்ச முதல் பை இருக்கே, தேஞ்சு, கறையோட, ஒரு நகவெட்டி வேற தொங்கும். 2025 ஜூலையில பாரிஸ்ல ஏலம் விட்டாங்க. 86 லட்சம் யூரோ.

மாமனார்: நகவெட்டி தனியா, சேர்த்தா?

மருமகன்: சேர்த்துதான் மாமா. பர்பரின்னு லண்டன் துணிக் கம்பெனி கதை இன்னும் மோசம். மலிவு விலைக்குப் போயிடக் கூடாதுன்னு விற்காத சரக்கையே அழிச்சாங்க. 2018 கணக்குல மட்டும் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு சரக்கு. தீ வெச்ச விஷயம் வெளிய வந்து, ஊரே காறித் துப்பி, அந்த செப்டம்பர்லதான் நிறுத்தினாங்க.

மாமனார்: நாம போகிக்குக் கிழிஞ்ச பாயைத்தான் கொளுத்துவோம். அதுக்கே உங்க அத்தை நாலு தடவை யோசிப்பா. (சட்டென்று) ஆமா, எங்க அறுபதாம் கல்யாணத்துக்கு அத்தைக்கு ஒரு பை கொண்டாந்தீங்களே, இந்தக் கம்பெனிதானே?

மருமகன்: காபி ஆறிடும் மாமா.

மாமனார்: இன்னும் வாங்கவே இல்லையே. சீட்டுல 398 டாலர்னு போட்டிருந்துச்சு.

மருமகன்: சீட்டுல போட்டிருந்துச்சு.

மாமனார்: (வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு) 95 டாலர் 52 சென்ட்.

மருமகன்: வரி தனி மாமா.

மாமனார்: மாப்ளே, அந்தப் பையை அவ ஒரு நாள் வெளிய எடுத்துட்டுப் போனதில்ல. பீரோவுல, கூறைப்புடவை பக்கத்துல, அந்துருண்டை போட்டு வெச்சிருக்கா. வர்றவங்களுக்கெல்லாம் சீட்டோட காட்டுவா.

மருமகன்: போன மரியாதை திரும்பி வரும் மாமா. கோச்சுக்கே வந்துச்சு. தள்ளுபடியைக் குறைச்சு, விலையை ஏத்தி, 2019-ல டாபின்னு ஒரு பை விட்டாங்க. இப்ப காலேஜ் பொண்ணுங்க முழு விலை குடுத்து வாங்குதுங்க. அஞ்சாறு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்.

மாமனார்: அத்தைக்கு அஞ்சு நிமிஷம் பொறுமை கிடையாது. அதுவும் போக, நான் தெருவுல 600-ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

மருமகன்: நான் 400-ன்னுதானே சொன்னேன்?

மாமனார்: எதிர்வீட்டு மாப்பிள்ளை 500 டாலருக்கு வாட்ச் கொண்டாந்தாராம். உங்களை விட்டுக்குடுக்க முடியுமா?

(மாமனாரின் போன் அடிக்கிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள்.)

மாமனார்: (போனில்) சொல்லும்மா... என்னது, உன் பை மாதிரியேவா? அதே கலரா?... கூடையில குமிச்சு வெச்சிருக்கானா?... இரு இரு, கத்தாதே. அது அவுட்லெட்டுக்குன்னே தைச்சது. தோல் வேற, ஜிப் வேற. உன்னோடது வரிசையில நின்னு வாங்கினது... ஆமா, மாப்பிள்ளை பக்கத்துலதான் இருக்கார், இப்பதான் சொன்னார்... நகவெட்டியா? இல்லம்மா, அது வேற பை... அப்படிச் சொல்லு. உன்னுதுதான் ஒசத்தி.

(மருமகன் நெற்றியைத் துடைத்துக்கொள்கிறார்.)

மாமனார்: (இன்னும் போனில்) சரி, கிளம்பி வா... என்ன பில்லு?... எத்தனை?... ஏழா! யாரு யாருக்கு?... எதிர்வீட்டுக்குமா?... அடியே, அது... சரி. வா.

(போனை வைக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.)

மாமனார்: மாப்ளே.

மருமகன்: சொல்லுங்க மாமா.

மாமனார்: போகிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு?