பொங்கல் லீவுக்கு எதற்கு 'யுவர் குட்செல்ஃப்'?

திருப்பூரில் பதினாறு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். பையருக்கு, அதாவது எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, போகும் மெயிலை எழுதுவதிலும் திருத்துவதிலும்தான் பாதி நாள் போகும்.

எங்கள் ஆபீஸுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பொங்கல் விடுமுறை அறிவிப்பை எழுதிக் கொண்டுவந்தார். 'வீ ஆர் ப்ளீஸ்ட் டு இன்ஃபார்ம் யுவர் குட்செல்ஃப் தட் அவர் கன்சர்ன் வில் ரிமெயின் க்ளோஸ்டு' என்று ஆரம்பித்து, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடித்திருந்தார். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் லண்டனில் உட்கார்ந்து அதைப் படிப்பவர் என்ன 'நீட்ஃபுல்' செய்வார்? 'கன்சர்ன்' என்றால் நமக்குக் கம்பெனி. அவருக்கு முதலில் கவலைதான் தோன்றும்.

"தம்பி, பையருக்குத் தமிழ் தெரியும்னு வெச்சுக்குங்க. போன்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றேன். யோசிக்கவே இல்லை. "பதினாலுல இருந்து பதினெட்டு வரைக்கும் லீவுங்க. பத்தொன்பது தொறந்துருவோம். உங்க சரக்கு பன்னண்டாம் தேதியே தூத்துக்குடி போயிருமுங்க, லேட்டாகாது."

அதுதான் அறிவிப்பு. அதையே வரிசை மாறாமல் எழுதினோம். 'வீ ஆர் க்ளோஸ்டு ஃபார் பொங்கல் ஃப்ரம் 14 டு 18 ஜனவரி. வீ ரீஓபன் ஆன் தி 19த். யுவர் ஆர்டர் ரீச்சஸ் தூத்துக்குடி ஆன் தி 12த், ஸோ தேர் வில் பீ நோ டிலே.' முதலில் எழுதியதில் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பையருக்கு வேண்டியதோ அது ஒன்றுதான்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் லீவ் லெட்டரை மனப்பாடம் செய்துதானே நாம் எல்லோரும் ஆங்கிலக் கடிதம் பழகினோம்? 'டூ தி நீட்ஃபுல்' வெள்ளைக்காரன் எழுதிய வாசகம்தான். அவன் அதை எப்போதோ விட்டுவிட்டான், நம் ஆபீஸ்களில் இன்னும் ஓடுகிறது. இப்போது ஏஐ எழுதித் தரும் 'வீ ஆர் த்ரில்ட் டு அனௌன்ஸ்' இருக்கிறதே, அதுவும் எனக்கு அதே ரகம்தான். ஐந்து நாள் லீவில் என்ன த்ரில்?

1998-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் எளிய ஆங்கிலத்துக்கு ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், தன் கம்பெனியின் ஆண்டறிக்கை எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வேன் என்கிறார். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியல் நிபுணர்கள் இல்லை. நான் அந்தத் தம்பியிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

அப்புறம் தேதி. 03/04 என்று போட்டால் அமெரிக்கர் மார்ச் 4 என்பார், இங்கிலாந்துக்காரர் ஏப்ரல் 3 என்பார். மாதத்தை எழுத்தில் போடுங்கள். லட்சக் கணக்கும் வேண்டாம், வெளிநாட்டுக்காரருக்கு அது பழக்கமில்லை.

விலை ஏற்றம் சொல்லும் மெயிலில்தான் நாம் ரொம்பப் பதுங்குகிறோம். 'ட்யூ டு அன்அவாய்டபிள் சர்கம்ஸ்டன்சஸ்' என்றால் எதையோ மறைப்பதாகத்தான் படும். நூல் விலை ஏறிவிட்டது, ஏப்ரல் 1 முதல் வரும் ஆர்டருக்கு இன்ன விலை, ஏற்கெனவே கொடுத்த ஆர்டருக்குப் பழைய விலையேதான் என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பையர் முதலில் தேடுவது அதைத்தான்.