தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள்

"மலையகக் குளிருக்கு வெளிநாட்டு நாய்கள் பொருந்தும், ஒரு சோடி வாங்கிக் குட்டி விற்றால் நல்ல வருமானம்" என்கிறார், குட்டிகளின் விலைப்பட்டியலோடு நாய் வளர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரையாளர். குளிர் பொருந்தும், சரி. இடுப்பு? அல்சேஷன் இன நாய்க்கு இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வரும். இணை சேர்க்குமுன் தாய், தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஹட்டனில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்ற குட்டியொன்றின் வாயைத் திறந்து பார்த்தேன். பால்பல் அப்போதுதான் ஊசிமுனைபோல ஈறுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது; இரண்டு மாதக் குட்டிக்கு அது எப்போதோ முளைத்திருக்கும். விற்பவரோ இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்று சத்தியம் செய்கிறார்! 8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கவே கூடாது. தாய் எங்கே என்றேன், பேச்சை மாற்றிவிட்டார்.

இனங்களைக் கலந்து புதிய இனம் உருவாக்கலாம் என்று அந்தக் கட்டுரையில் ஒரு யோசனை வேறு. ஸ்கொட்டிஷ் ஃபோல்ட் பூனையின் காதை அழகாக மடிக்கும் அதே மரபணுதான் உடம்பெங்கும் குருத்தெலும்பைக் கெடுத்து மூட்டுகளை இறுக்குகிறது. கலப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1973இல் டல்மேஷியன் என்ற புள்ளி நாயை ஒரேயொரு முறை பொயின்டர் என்ற வேட்டை நாயுடன் சேர்த்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டல்மேஷியனுடனேயே இணைத்து, சிறுநீர்க்கல்லுக்குக் காரணமான பரம்பரைக் குறையை நீக்கினார்கள். அந்த நாய்களை, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கழகம் ஏற்றுக்கொள்ள 2011 ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு நாய்களை ஒரே கூட்டில் அடைத்துவிட்டால் இனம் பிறந்துவிடுமா?

அடுத்த கட்டுரையில் விலைப்பட்டியலை விட்டுவிட்டு, நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே எங்கே எடுக்கலாம் என்று விசாரித்து எழுதுங்கள்.